எறும்புக் கூட்டில் கோளாறா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிகள்

வீட்டில் எறும்பு வளர்ப்பவர்கள் "எறும்புக்கு ஏதோ ஆகிவிட்டது" என்று வந்தால் நான் முதலில் கூட்டைத்தான் பார்ப்பேன். ராணி நன்றாகத்தான் இருக்கும், தீனியும் ஒழுங்காகப் போயிருக்கும். ஆனால் கூடு தேவைக்கு மேல் பெரிதாக இருக்கும், இல்லையென்றால் காய்ந்து கிடக்கும், இல்லையென்றால் வெளிச்சம் விழும் இடத்தில் இருக்கும். புதுக் கூடு வாங்கப் பணத்தை எடுப்பதற்கு முன், உங்கள் அறிகுறி கீழே இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் தீரும் காரணம் முதலில் வரும், செலவு வைக்கும் காரணம் கடைசியில் வரும்.

நான் மனதில் வைத்து எழுதுவது கட்டெறும்பை. நம் ஊர் மரத்தடிகளில் கறுப்பாக, பெரிய தலையோடு திரியும் அதன் அறிவியல் பெயர் கேம்போனோடஸ் கம்ப்ரெஸ்ஸஸ். புதிதாக வளர்ப்பவர்களுக்கு அதுதான் தோது. ராணி வெளியே இரை தேடாமல் தன் உடம்பில் இருக்கும் சத்தை வைத்தே முதல் வேலைக்காரிகளை வளர்த்துவிடும். கடிக்கும், ஆனால் கொடுக்கு கிடையாது. வேறு இனமாக இருந்தால் எங்கே மாறும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை: சிவப்புத் தாள் சுற்றிய சின்ன டார்ச், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் மலிவான டிஜிட்டல் மீட்டர், அடியில் தண்ணீர் விட்டு, அது கசியாமல் பஞ்சால் அடைத்துத் தயாராக இருக்கும் ஒரு டெஸ்ட் டியூப் (சிறிய கூட்டம் குடியிருக்கும் குழாய்). அப்புறம் ஒரு பழக்கம்: ஒரே நாளில் இரண்டு மாற்றம் செய்யாதீர்கள். ஒன்றை மாற்றிவிட்டு ஓரிரு நாள் பாருங்கள். இல்லாவிட்டால் எது பலித்தது என்று கடைசி வரை தெரியாது.

## புதுக் கூட்டைக் கொடுத்தும் குடிபோகவில்லை

அதிகமாக வரும் புகார் இதுதான். வளர்ப்பவர் அழகான அக்ரிலிக் கூடு ஒன்றை வாங்கி, டெஸ்ட் டியூபை அதோடு இணைத்திருப்பார். எறும்புகள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பழைய குழாய்க்கே போய்விடும்.

முதலில் ஒரு கேள்வி: பழைய குழாய் இன்னும் நன்றாக இருக்கிறதா? தண்ணீர் இருக்கிறது, பஞ்சு வெள்ளையாக இருக்கிறது, இடமும் போதும் என்றால் எறும்புகள் செய்வது சரி. அவற்றுக்கு இடம் மாற எந்தக் காரணமும் இல்லை. விட்டுவிடுங்கள். இருபது வேலைக்காரிகள் இருக்கும் கட்டெறும்புக் குடும்பத்துக்கு ஒரு குழாயும் சின்ன வெளிப்பெட்டியும் தாராளமாகப் போதும். வெளிப்பெட்டி என்று நான் சொல்வது தீனி வைக்கும் திறந்த இடம்.

பழைய குழாய் மோசம், ஆனாலும் போகவில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

வெளிச்சம். புதுக் கூடு பழையதைவிட இருட்டாக இருக்க வேண்டும். ஒரு அடுக்குச் சிவப்பு செலஃபேன் தாளை ஒட்டிவிட்டு "இருட்டாக்கிவிட்டேன்" என்பார்கள். அது போதாது. சிவப்பு ஒளி எறும்புக் கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும் என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் லப்பக் சோதித்துப் பார்த்த விஷயம். ஊதாக் கண்ணாடியை விட்டு விலகி, சிவப்புக் கண்ணாடிக்குக் கீழே முட்டை, புழுக்களோடு அவை கூடின. ஆனால் மெல்லிய தாள் சிவப்பை மட்டும் விடுவதில்லை, மற்ற ஒளியும் கசியும். மூன்று அடுக்காக ஒட்டுங்கள், அல்லது கூட்டின் மேல் ஒரு அட்டையைப் போட்டு மூடுங்கள். பழைய குழாயின் மேல் எல்.இ.டி. விளக்கின் வெளிச்சம் விழட்டும். சூடாகும் குண்டு பல்பு வேண்டாம்.

ஈரம். புதுக் கூட்டில் தண்ணீர் ஊற்றும் இடம் ஒன்று இருக்கும். குடிபோகும் முன்பே அதை நனைத்திருக்க வேண்டும். காய்ந்த கூட்டுக்குள் எந்த ராணியும் நுழையாது.

வாசனை. அக்ரிலிக் வேலை செய்யும் கடைகளில் தகடுகளை ஒட்டக் குளோரோஃபார்ம் போன்ற கரைப்பானைப் பயன்படுத்துகிறார்கள். சிலிக்கான் பசை காயும்போது காடி நெடி அடிக்கும். மூக்கை உள்ளே வைத்துப் பாருங்கள். உங்களுக்கே லேசாக வாசம் தெரிந்தால் எறும்புக்கு அது தாங்காது. கூட்டைத் திறந்து வைத்து வாசம் முழுதும் போகும்வரை காற்றாட விடுங்கள், பல நாள் ஆனாலும் சரி. ஏ.ஏ.சி. பிளாக்கில் (சுவர் கட்டும் எடை குறைந்த நுண்துளைக் கல்) நீங்களே குடைந்த கூடு என்றால் வேறு ஒன்று உண்டு. அந்தக் கல்லில் சுண்ணாம்பும் சிமென்ட் தூளும் இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, தூள் கலங்குவது நின்ற பிறகு பயன்படுத்துங்கள்.

அளவு. ஒற்றை அறையில் இருந்த குடும்பத்தைக் கல்யாண மண்டபத்தில் குடிவைத்தால் எப்படி இருக்கும், அப்படித்தான் சிறிய கூட்டத்துக்குப் பெரிய கூடு. என் கணக்கு இது: இப்போது இருக்கும் எறும்பும் முட்டை, புழு, கூட்டுப்புழுவும் சேர்ந்து கூட்டின் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டும். அறையின் உயரமும் முக்கியம். கட்டெறும்பின் பெரிய தலைக்காரிகள் சிரமமில்லாமல் நடக்க ஒரு சென்டிமீட்டர் போதும். உயரம் கூடினால் கூடு அவற்றுக்கு வெட்டவெளிபோல ஆகிவிடும். கூடு பெரிதாக இருந்தால் புதிதாக வாங்க வேண்டியதில்லை. உள் வழிகளைப் பஞ்சாலோ களிமண்ணாலோ அடைத்து ஒரே ஒரு அறையை மட்டும் திறந்து வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால் காத்திருங்கள். குடிபெயர்ச்சி நடக்கும்போது பார்த்திருக்கிறீர்களா? முதலில் ஒரு வேலைக்காரி புது அறையின் மூலைகளை எல்லாம் உணர்கொம்பால் தட்டிப் பார்க்கும். திரும்பிப் போய் இன்னொன்றைக் கூட்டிவரும். அதற்கப்புறம் யாரோ ஒன்று முட்டைக் கொத்தைத் தாடையில் தூக்கிவரும். ஒரு கொத்து வந்துவிட்டால் மீதியும் அன்று இரவுக்குள் வந்துவிடும். இது ஒரே நாளில் நடக்கலாம், இரண்டு வாரமும் ஆகலாம்.

கட்டாயமாகக் கொட்டி மாற்றுவது எப்போது? குழாயில் தண்ணீர் உடைந்து உள்ளே பாய்ந்துவிட்டால், தண்ணீர் முழுக்கத் தீர்ந்துவிட்டால், புழுக்கள் இருக்கும் இடம் வரை பூஞ்சை வந்துவிட்டால், அப்போது மட்டும். அப்போதும் புதுக் கூட்டுக்குள் கொட்டாதீர்கள். வெளிப்பெட்டியில் மெதுவாகத் தட்டிவிட்டு, பக்கத்தில் இருட்டாக்கிய புதுக் குழாயை வையுங்கள். அவையே கண்டுபிடித்துப் போகும்.

## கூட்டுக்குள்ளேயே குப்பை கொட்டுகின்றன

எறும்பு சுத்தமான பிராணி. தின்ற மிச்சம், செத்த உடல், உரித்த கூட்டுப்புழு உறை எல்லாவற்றையும் வாழும் இடத்திலிருந்து தள்ளித்தான் போடும். அது கூட்டுக்குள்ளேயே ஒரு அறையில் போடுகிறது என்றால் பெரும்பாலும் ஒரே காரணம், கூட்டில் பயன்படாத அறைகள் இருக்கின்றன. அந்த அறையை அது வெளி என்று நினைக்கிறது.

காசில்லாத வழி: அந்த அறைக்குப் போகும் வழியை அடையுங்கள். கூட்டம் பெருகிய பிறகு திறந்துவிடலாம், அவையே பழைய குப்பையைச் சுத்தம் செய்துகொள்ளும். அடைக்க முடியாத வார்ப்பாக இருந்தால் சிறிய கூட்டுக்கு மாற்றத்தான் வேண்டும். இதனால்தான் முதல் கூடு வாங்குபவர்களிடம் எப்போதும் சிறியதையே வாங்கச் சொல்கிறேன். கூட்டம் பெருத்தால் இன்னொரு சிறிய கூட்டைக் குழாய் வைத்து இணைப்பது எளிது. பெரியதைச் சுருக்குவதுதான் கஷ்டம்.

## கண்ணாடியில் நீர்த்துளி முத்துமுத்தாக நிற்கிறது

ஒரு பக்கம் மட்டும், தண்ணீர் ஊற்றும் இடத்துக்கு அருகில் என்றால் பயப்பட வேண்டாம். கூட்டில் ஈரமான பக்கம் ஒன்று, காய்ந்த பக்கம் ஒன்று இருப்பதுதான் நல்லது. எறும்புகள் முட்டைகளையும் சின்னப் புழுக்களையும் ஈரமான இடத்திலும், உறை கட்டிய கூட்டுப்புழுக்களைக் காய்ந்த இடத்திலும் தாங்களே பிரித்து வைத்துக்கொள்ளும்.

கூடு முழுக்கத் துளி என்றால் மூன்று காரணங்கள். முதலாவது, அளவுக்கு மீறிய தண்ணீர். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. உள்நாட்டில், மதுரை வெயிலில் வளர்ப்பவர் ஊற்றும் அளவைப் பார்த்து நீங்கள் ஊற்றக் கூடாது. ஊற்றுவதை நிறுத்தி மீட்டரைப் பாருங்கள். இரண்டாவது, ஏ.சி. இரவில் அறை குளிர்ந்தவுடன் கண்ணாடி முதலில் குளிரும், உள்ளே இருக்கும் ஆவி அதில் படியும். கூட்டை ஏ.சி. காற்று நேராக அடிக்காத இடத்துக்கு மாற்றினாலே இது நின்றுவிடும். மூன்றாவது, காற்றோட்டம் இல்லாமை. துளை போட்டு மெல்லிய எவர்சில்வர் வலை ஒட்ட வேண்டும். கட்டெறும்புக்கு அரை மில்லிமீட்டர் கண் உள்ள வலை போதும். அரிசியில் பாதி கூட இல்லாத சின்ன இனங்களுக்கு 0.2 மி.மீ. வேண்டும். அக்ரிலிக்கில் துளை போட்டுப் பழக்கம் இல்லையென்றால் வெட்டும் கடையில் கொடுத்துவிடுங்கள். வீட்டு டிரில்லில் விரிசல் விட்டுவிடும். துளை போடும்போது உள்ளே எறும்பு இருக்கக் கூடாது, அந்த அதிர்வு அவற்றைக் கலவரப்படுத்திவிடும்.

துளிகள் பெரிதாகிவிட்டால் உடனே கவனியுங்கள். சின்ன வேலைக்காரி ஒன்று துளிக்குள் கால் மாட்டி, மேல்பரப்பு இழுவையை மீற முடியாமல் அப்படியே நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தண்ணீர் குடிப்பதுபோலத்தான் தெரியும்.

## எல்லாம் தண்ணீர்ப் பஞ்சோடு ஒட்டிக்கொண்டு நிற்கின்றன

மேலே சொன்னதற்கு நேர் எதிர். கூடு காய்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றுங்கள், அரை நாளில் பரவலாக நகர ஆரம்பித்தால் காரணம் அதுதான்.

ஊற்றியும் ஒட்டிக்கொண்டே இருந்தால் வெப்பத்தைப் பாருங்கள். கட்டெறும்புக்குக் கூட்டுக்குள் 25 முதல் 30 டிகிரி வரை சுகமாக இருக்கும். அக்னி நட்சத்திர நாட்களில், ஜன்னல் ஓரம் வைத்த மூடிய அக்ரிலிக் பெட்டி அறையைவிடச் சூடாகிவிடும். நேர் வெயில் படும் இடத்தில் எந்தக் கூடும் வைக்கக் கூடாது, பத்து நிமிடம்கூட. தரையோடு ஒட்டிய கீழ் அலமாரிதான் கோடைக்கு நல்ல இடம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஐரோப்பா, அமெரிக்கக் காணொளிகளில் கூட்டுக்கு வெப்பத் தகடு வைக்கச் சொல்வார்கள், குளிர்காலத்தில் ஃபிரிட்ஜில் வைத்து உறங்கவிடச் சொல்வார்கள். அது பனி விழும் நாட்டு இனங்களுக்கு. நம் சமவெளி எறும்புக்கு இரண்டுமே வேண்டாம். ஊட்டி, கொடைக்கானல் வாசிகள் மட்டும் இரவுக் குளிரைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

கூடு தினமும் காய்கிறது, ஈரம் நிற்கவே இல்லை என்றால் பொருள்தான் சரியில்லை. வெறும் அக்ரிலிக் தண்ணீரைப் பிடித்து வைக்காது. ஏ.ஏ.சி. பிளாக்கும் ஜிப்சமும் உறிஞ்சி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அக்ரிலிக் கூட்டை மாற்ற மனமில்லையென்றால் ஒரு அறையின் தரையில் மெல்லிய ஜிப்சம் அடுக்கு வார்த்துக்கொள்ளலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைவிட, பல் மருத்துவத்தில் பல்லின் மாதிரியை வார்க்கப் பயன்படும் டென்டல் ஸ்டோன் கெட்டி. நனைந்து நனைந்து பொடியாவதில்லை.

## பூஞ்சை

தீனி மேல் மட்டும்: மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கரப்பான் கால், வெட்டிய புழு எதுவானாலும் ஒரு நாளுக்கு மேல் உள்ளே இருக்கக் கூடாது. தேன் தண்ணீரைச் சின்ன மூடியில் வையுங்கள், தரையில் சிந்தாதீர்கள்.

டெஸ்ட் டியூப் பஞ்சு மஞ்சளாகிவிட்டது: தனியாகப் பார்த்தால் இது பெரிய விஷயமில்லை. எறும்பு எச்சம் பட்டாலும் மஞ்சளாகும். கறுப்பு, பச்சை என்று மாறினால் புதுக் குழாயைப் பக்கத்தில் வைத்து இடம்பெயர விடுங்கள்.

சுவரில், அறைக்குள்: பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் மரத்திலும் இது அடிக்கடி வரும். தண்ணீரைக் குறையுங்கள், காற்றோட்டம் கொடுங்கள். கூட்டம் பெரிதாக இருந்தால் அவையே பூஞ்சையைக் கிள்ளிப் போட்டுச் சமாளித்துவிடும். பத்துப் பதினைந்து எறும்பு உள்ள கூட்டத்தால் முடியாது, வேறு கூடு வேண்டும். பூஞ்சைக் கொல்லி மருந்து எதையும் உள்ளே அடிக்காதீர்கள்.

## முட்டை, புழுக்கள் குறைந்துகொண்டே வருகின்றன

நேற்று இருந்த முட்டைக் கொத்து இன்று இல்லை என்றால் ராணியோ வேலைக்காரிகளோ தின்றிருக்கின்றன. அவற்றைப் பொறுத்தவரை அது சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வது. ஏன் எடுக்க வேண்டி வந்தது என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

தினமும் திறந்து பார்க்கிறீர்களா? முதல் காரணம் இதுதான். தனி ராணியை வாரத்துக்கு ஒரு முறை, சிவப்பு வெளிச்சத்தில், சில விநாடி பார்த்தால் போதும். குழாய் கணினி மேசை மேல், ஃபிரிட்ஜ் மேல், சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதிர்வு ஓயாது. துணி அலமாரிக்குள் வையுங்கள். அங்கே அந்துருண்டை இருக்கக் கூடாது.

வேலைக்காரிகள் வந்த பிறகு என்றால் புரதம் போகிறதா என்று பாருங்கள். இனிப்பு மட்டும் கொடுத்தால் வேலைக்காரிகள் நடமாடும், புழுக்கள் வளராது. சின்னக் கரப்பான், மீல்வோர்ம் (ஒருவகை வண்டின் புழு), மழைக்காலத்தில் ஈசல் எல்லாம் நல்லது. அவசரத்துக்கு அவித்த முட்டை மஞ்சள் கருவில் ஒரு துளி.

புழு பெரிதாகிறது, ஆனால் உறை கட்டாமல் வெறும் கூட்டுப்புழுவாக நிற்கிறது அல்லது செத்துப்போகிறது என்றால் கூட்டின் தரை மொழுமொழு என்று இருக்கிறதா பாருங்கள். கட்டெறும்புப் புழு உறை பின்ன, அதன் மேல் மண் துகளைப் போர்த்திப் பிடிமானம் கொடுப்பது வேலைக்காரிகளின் வழக்கம். கழுவிக் காயவைத்த ஆற்றுமணலில் ஒரு சிட்டிகை வெளிப்பெட்டியில் போடுங்கள், தேவையான அளவு அவையே எடுத்துக்கொள்ளும். டயகாம்மா என்ற கொட்டும் எறும்பு போன்ற இனங்களுக்கு மண் தரை இல்லாமல் நடக்கவே நடக்காது. அவற்றை அக்ரிலிக்கில் வைக்க வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு மேல் முட்டை மட்டும் வந்து போகிறது, ஒன்றும் புழுவாகவில்லை என்றால் கோளாறு கூட்டில் இல்லை. ராணி கருவுறாததாக இருக்கலாம். கூடு மாற்றிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

## தப்பித்து வெளியே வருகின்றன

எப்படி வருகின்றன என்பதைப் பொறுத்து வழி மாறும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சிவப்பு டார்ச்சோடு கால் மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

வெளிப்பெட்டிச் சுவர் ஏறி: சுவரின் மேல் விளிம்பில் தடை பூச வேண்டும். டால்கம் பவுடரை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் குழைத்து, விரலகலத்துக்குப் பூசிக் காயவிட்டால் கால் வழுக்கும். ஆல்கஹால் தீப்பிடிக்கும், அடுப்பு பக்கத்தில் செய்யாதீர்கள், முழுக்கக் காயும்வரை எறும்பை உள்ளே விடாதீர்கள். ஃப்ளுவான் என்ற வெள்ளைத் திரவம் இதைவிடச் சிறந்தது, விலையும் அதிகம். ஈரக் காற்றில் இரண்டுமே நாளடைவில் பிடிப்பை இழக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடிக்கடி திரும்பப் பூசுங்கள், அல்லது அந்த மூன்று மாதமும் வலை வைத்த மூடி போட்டுவிடுங்கள். விளிம்பில் வாசலின் மெல்லிய படலமாகத் தடவலாம், கட்டியாக அப்பினால் எறும்பு அதிலேயே ஒட்டிச் சாகும்.

இணைப்புக் குழாயின் இடைவெளி வழியாக: குழாய் விட்டமும் துளை விட்டமும் ஒன்றாக இல்லை. டெஃப்லான் டேப் சுற்றிச் செருகுங்கள். பிளம்பிங் கடையில் கிடைக்கும்.

சுவரையே அரித்து: இதுதான் செலவு வைக்கும். கட்டெறும்பு நனைந்த பிளாஸ்டரைக் கிள்ளிக் கிள்ளி எடுத்துவிடும். நெருப்பெறும்பு பஞ்சு, பிளாஸ்டர், ஏ.ஏ.சி. கல் எதையும் விடாது. அவற்றுக்கு அக்ரிலிக், கண்ணாடி, டென்டல் ஸ்டோன் மட்டும்தான். தோண்டிய துகள் வெளிப்பெட்டியில் சேர்ந்தால் அதுவே முதல் எச்சரிக்கை. தோண்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும். கூடு நிரம்பி வழிகிறது அல்லது காய்ந்திருக்கிறது. அதைத் தீர்க்காமல் ஓட்டையை மட்டும் அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று போடும்.

முசுறு வளர்ப்பவர்களுக்கு: அதற்கு இந்தக் கூடுகளில் எதுவும் பொருந்தாது. அது தன் புழுக்களின் நூலால் இலைகளைத் தைத்துத்தான் குடியிருக்கும். மாமரத்தில் விட்டு வேடிக்கை பாருங்கள்.

## வெளியிலிருந்து வேறு எறும்பு உள்ளே வருகிறது

நம் வீடுகளில் தலை கறுத்து, உடம்பு வெளிறி, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடும் சின்ன எறும்பு எப்போதும் உண்டு. அது சின்ன இடைவெளியிலும் நுழையும், தேனுக்காக வரும், பிறகு முட்டையைத் தூக்கும். தனி ராணியாக இருந்தால் ஓர் இரவில் எல்லாம் முடிந்துவிடும்.

பழைய வழிதான் சிறந்தது. அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் கூட்டை வையுங்கள். மிகச் சின்ன எறும்பு தண்ணீர்ப் பரப்பின் மேலேயே நடந்து வந்துவிடும், அதனால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விடுங்கள். தண்ணீரை வாரம் இரு முறை மாற்றுங்கள், டெங்கு கொசு முட்டையிட அதுவே இடமாகிவிடக் கூடாது. சுவரையோ திரைச்சீலையையோ கூடு தொட்டுக்கொண்டிருந்தால் தட்டுத் தண்ணீரால் பயனில்லை.

உள்ளே ஏற்கெனவே நுழைந்துவிட்டால், ராணியையும் கைக்கு எட்டிய புழுக்களையும் மென்மையான பிரஷ்ஷால் புதுக் குழாய்க்கு மாற்றுங்கள். எறும்பு மருந்து எதையும் அந்த அறையில் பயன்படுத்தாதீர்கள்.

## செத்துக்கொண்டே இருக்கின்றன

ஐம்பது எறும்பு உள்ள கூட்டத்தில் அவ்வப்போது ஒன்று சாவது இயல்பு. ராணியின் முதல் தொகுதி வேலைக்காரிகள் சிறுத்துப் பிறக்கும், ஆயுளும் குறைவு. ஒரே நாளில் பல செத்தால் கவனியுங்கள்.

சாகும் முன் தள்ளாடுகிறதா, மல்லாந்து கால் உதறுகிறதா? ஆம் என்றால் பூச்சிமருந்து. கொசுவர்த்திச் சுருள், செருகி வைக்கும் கொசு திரவம், எறும்புச் சாக்பீஸ் ஆகியவற்றில் பெரும்பாலும் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்து இருக்கிறது. கூடு இருக்கும் அறையில் இவை எதுவும் வேண்டாம், கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். மருந்து அடித்த வீட்டில் பிடித்த கரப்பானும் விஷம். திராட்சை, ஆப்பிள் தோலைக் கழுவாமல் வைக்காதீர்கள். உடனே செய்ய வேண்டியது: புதுக் குழாய், சுத்தமான தண்ணீர், வேறு அறை.

தள்ளாட்டம் இல்லை, உடலில் வெள்ளைப் புள்ளிகள் நகர்கின்றன: நுண்ணுண்ணி. பூதக்கண்ணாடியில் பாருங்கள். குப்பையில் மட்டும் திரிந்தால் அது கழிவைத் தின்னும் வகை, சுத்தம் செய்தால் போதும். எறும்பின் கழுத்திலும் கால் மூட்டிலும் ஒட்டியிருந்தால் கூட்டைக் கைவிட்டு, ஈரம் குறைந்த புதுக் கூட்டுக்கு மாற்றுங்கள். பழையதைக் கொதிநீரில் கழுவலாம், அக்ரிலிக்கைத் தவிர.

நீல ஜெல் கூடு என்றால் காரணத்தைத் தேட வேண்டாம். 2003-இல் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் எறும்பு அனுப்பிய ஏற்பாட்டிலிருந்து வந்த வடிவம் அது. சில நாள் சுரங்கம் தோண்டுவதைப் பார்க்க உதவும். புழு வளர்க்கப் புரதம் அதில் இல்லை. ராணி உள்ள கூட்டத்தை அதில் வைக்கவே கூடாது.

இரண்டு கண்ணாடிக்கு நடுவே மண் என்றால் சுரங்கம் சரிந்து நசுங்கியிருக்கலாம். மூன்று பங்கு ஆற்றுமணலுக்கு ஒரு பங்கு களிமண் கலந்து, ஈரமாக்கி அழுத்தினால் நிற்கும். கடற்கரை மணலில் உப்பு இருக்கும், எடுக்காதீர்கள்.

இவை எதிலும் அடங்காமல் சாவு தொடர்ந்தால், செத்த சிலவற்றைச் சின்னப் புட்டியில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டு, பூச்சியியல் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் துறையும் பூச்சி அருங்காட்சியகமும் இருக்கின்றன. உங்கள் ஊர் வேளாண் கல்லூரியில் கேட்டாலும் இனத்தையாவது சொல்லிவிடுவார்கள். இனம் தெரிந்தால் பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும்.

## வளர்க்க முடியவில்லை, விட்டுவிட வேண்டும்

ராணியைப் பிடித்த அதே இடத்தில்தான் விட வேண்டும். வேறு ஊரிலிருந்து வாங்கியதை உங்கள் தோட்டத்தில் விடாதீர்கள், இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். இடம் மாறிப் பெருகும் எறும்பு என்ன செய்யும் என்பதை 2022-இல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலை அடிவாரக் கிராமங்கள் பார்த்தன. மஞ்சள் பைத்திய எறும்பு பெருகி, ஆடுமாடுகள் மேய முடியாமலும் மக்கள் வயலுக்குப் போக முடியாமலும் செய்தது. அந்த இனத்தை எவ்வளவு வலுவான கூட்டிலும் வளர்க்க வேண்டாம்.

## உங்களைக் கொட்டிவிட்டது

கட்டெறும்புக் கடிக்குத் தண்ணீரில் கழுவினால் போதும். நெருப்பெறும்பு, டயகாம்மா கொட்டினால் சில மணி நேரம் எரியும், ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். மரத்தில் வாழும் டெட்ராபோனெரா ரூஃபோநைக்ரா, அதாவது தலையும் வயிறும் கறுத்து நடு உடம்பு சிவந்த நீள எறும்பு, கொட்டினால் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். கொட்டிய இடத்தைத் தாண்டி உடம்பெல்லாம் தடிப்பது, உதடோ தொண்டையோ வீங்குவது, மூச்சுத் திணறல், தலைசுற்றல் என்று எது வந்தாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள். முன்பு குளவி, தேனீ கொட்டி இப்படி ஆனவர்கள் வீட்டில் இருந்தால், கொட்டும் இனம் எதையும் எந்தக் கூட்டிலும் வைக்க வேண்டாம்.